கெழு தெரியும், கோஎஃபிஷியன்ட் தெரியாது!



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கச் செயலாளர் மூன்று முறை அறைக்கு வந்து கேட்டுவிட்டார். கவிதை எனக்கு வராது. துணுக்கு எழுதினால் எனக்கே சிரிப்பு வராது. யோசித்துப் பார்த்ததில், முதலாண்டுக் கணக்கில் அரியர் வைத்து அதை எழுதி மீண்டவன் என்ற தகுதி மட்டும் கையில் இருந்தது. ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். குறிப்பாக, தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு இங்கே வந்து விழிபிதுங்கி உட்கார்ந்திருக்கும் முதலாண்டுத் தம்பிகளும் தங்கைகளும் இதைப் படிக்க வேண்டும்.

நான் படித்தது ஊரில் அரசுப் பள்ளி. பத்தாம் வகுப்பில் கணக்கில் 91. எங்கள் தெருவில் அது பெரிய விஷயம். இங்கே சேர்ந்து முதல் வகுப்புத் தேர்வில் நான் வாங்கியது 50க்கு 9. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என் ஊர்க்காரன், ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன், பத்தாம் வகுப்பில் 94 வாங்கியவன். அவனுக்கு 6. விடைத்தாளைக் கொடுத்தபோது, "இதுங்களுக்கு பேசிக்கே இல்லை" என்று ஒரு வார்த்தை வந்து விழுந்தது. நாங்களும் அதை நம்பிவிட்டோம்.

அந்தத் தேர்வின் முதல் கேள்வி இதுதான். (எக்ஸ் + 2), (3எக்ஸ்² − எக்ஸ் + 4) இரண்டையும் கொடுத்து, இவற்றின் 'ப்ராடக்ட்'டில் எக்ஸ்²-இன் 'கோஎஃபிஷியன்ட்' என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. எனக்குத் தெரிந்த ப்ராடக்ட் சோப்பு, ஷாம்பு வகையறா. கோஎஃபிஷியன்ட் என்பதை உச்சரிக்கவே வாய் வரவில்லை. விட்டுவிட்டேன்.

அன்று மாலை ஹாஸ்டல் பஸ்ஸுக்கு நிற்கும்போது, சிவில் மூன்றாமாண்டு அக்கா ஒருவர் என் தாளை வாங்கிப் பார்த்தார். "ஏன்டா தம்பி, முதல் கணக்கையே விட்டுட்டே? கோஎஃபிஷியன்ட்னா கெழுடா. ப்ராடக்ட்னா பெருக்கற்பலன்" என்றார். நின்ற இடத்திலேயே மனக்கணக்காகப் போட்டேன். பெருக்கினால் 3எக்ஸ்³ + 5எக்ஸ்² + 2எக்ஸ் + 8. கெழு 5. அரை நிமிஷம் கூட ஆகவில்லை. ஒன்பதாம் வகுப்பில் நூறு முறை செய்த கணக்கு! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேசிக் இல்லை என்றார்களே, பேசிக் இருக்கிறது, அது தமிழில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கினேன். இடது பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல், வலது பக்கம் இங்கே வழங்கும் ஆங்கிலச் சொல், நடுவில் அதை நம் ஒர்க்‌ஷாப்பிலோ மெஸ்ஸிலோ எங்கே பார்க்கலாம் என்று ஒரு குறிப்பு. அந்த நோட்டிலிருந்து கொஞ்சம் இங்கே தருகிறேன். எல்லாவற்றையும் தர மலரில் இடமில்லை, உங்களுக்கும் பொறுமை இருக்காது.

மெஸ் பில்லில் ஆரம்பிக்கிறேன்

ஒரு ஹாஸ்டலில் மாதம் 600 ரூபாய் நிலையான கட்டணம், அது போக ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 35 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வேளை சாப்பிட்டோம் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். அதுதான் மாறி, அதாவது வேரியபிள். அதை எக்ஸ் என்போம். 600 மாறாது. ஊருக்குப் போனாலும் கட்டியே தீர வேண்டும். அது மாறிலி, கான்ஸ்டன்ட். மாறியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் 35 தான் கெழு. 'கெழு' என்றால் பொருந்திய, சேர்ந்த என்று பொருள். திருக்குறளில் 'பழைமை' அதிகாரத்தில் 'கெழுதகைமை' என்று ஒரு சொல் வருகிறதே, நெருங்கிய நண்பன் எடுத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்வது, அதே கெழுதான். 802ஆம் குறளில் அதற்கு முந்தைய சொல் 'உறுப்பு'. நம் கணக்கில் டெர்ம் என்பதற்கு அதுதான் பெயர்! 35எக்ஸ் ஓர் உறுப்பு, 600 ஓர் உறுப்பு. தமிழய்யா வகுப்பில் தூங்காமல் இருந்திருந்தால் அங்கேயே பாதி அல்ஜீப்ரா முடிந்திருக்கும்.

உறுப்புகளைக் கூட்டல், கழித்தல் குறியால் கோத்தால் வருவது கோவை. கோயம்புத்தூர் இல்லை, மணிகளைக் கோக்கிறோமே அந்தக் கோவை. 35எக்ஸ் + 600 என்பது ஒரு கோவை. ஆங்கிலத்தில் எக்ஸ்பிரஷன். உறுப்புகள் பல இருந்தால் பல்லுறுப்புக் கோவை, பாலினாமியல். மாறியின் அடுக்கு மட்டும் முழு எண்ணாக, பூச்சியமாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும். எக்ஸ்-க்கு வர்க்கமூலம் போட்டுவிட்டோ, எக்ஸ்-ஆல் வகுத்துவிட்டோ அதைப் பல்லுறுப்புக் கோவை என்று எழுதினால் மார்க் போச்சு.

சரி, மாதக் கடைசியில் பில் 2,700 ரூபாய் வந்தது. இப்போதுதான் சமக்குறி வருகிறது: 35எக்ஸ் + 600 = 2,700. கோவை சமன்பாடு ஆகிவிட்டது, ஈக்வேஷன். 600ஐக் கழித்தால் 35எக்ஸ் = 2,100. எக்ஸ் = 60. அறுபது வேளை சாப்பிட்டிருக்கிறோம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நம் வகுப்பில் பாதிப் பேர் சறுக்கும் இடம் இதுதான், நானும் சறுக்கினேன். 'சிம்ப்ளிஃபை' என்று 3எக்ஸ் + 6 மாதிரி ஒரு கோவையைக் கொடுத்தால், கை தானாக மூன்றால் வகுத்து எக்ஸ் + 2 என்று எழுதிவிடும். தப்பு! சமன்பாட்டுக்கு இரண்டு தட்டு உண்டு, தராசு மாதிரி. இரண்டு பக்கமும் ஒரே எண்ணால் வகுத்தால் முள் நகராது. கோவைக்கு ஒரே தட்டுதான். அதை மூன்றால் வகுத்தால் அது வேறு பொருளாகிவிடுகிறது. 3 பெருக்கல் (எக்ஸ் + 2) என்று காரணிப்படுத்தலாம், அதாவது ஃபேக்டரைஸ் செய்யலாம், அந்த 3 எங்கேயும் ஓடக் கூடாது. கோவையைச் சுருக்கலாம், விரிக்கலாம், காரணிப்படுத்தலாம். தீர்க்க முடியாது. தீர்ப்பது, அதாவது சால்வ் செய்வது, சமன்பாட்டைத்தான். கேள்வியில் சமக்குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த இரண்டு சிறு கோடுகளையும் 1557ல் வேல்ஸ் நாட்டுக்காரரான ராபர்ட் ரெக்கார்ட் என்பவர் தம் புத்தகத்தில் முதன்முதலில் போட்டார். இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறு கிடையாது என்பது அவர் கட்சி.

சமன்பாடு சில மதிப்புகளுக்குத்தான் உண்மையாகும். எந்த மதிப்பைப் போட்டாலும் உண்மையாகவே இருந்தால் அது முற்றொருமை, ஐடென்டிட்டி. (ஏ + பி)² விரிவு அந்த ஜாதி. அதைத் தீர்க்கச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள், நிறுவத்தான் சொல்வார்கள்.

அல்ஜீப்ரா என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. பாக்தாத்தில் கி.பி. 820 வாக்கில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் 'அல்-ஜப்ர்' என்ற அரபுச் சொல் வருகிறது. குறைந்ததை நிரப்பி, விலகியதை மறுபடி சேர்ப்பது என்று பொருள். கழித்தலில் இருப்பதை அடுத்த பக்கம் கொண்டுபோய்க் கூட்டலாக்குகிறோமே, அந்த வேலைதான் அல்-ஜப்ர். அதே சொல் ஸ்பெயின் நாட்டுக்குப் போய், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவருக்குப் பெயராகிவிட்டது. நம் பக்கத்துப் புத்தூர் கட்டு ஞாபகம் வருகிறதல்லவா? அவர் பெயரும் அதே குடும்பம்தான்! கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் அல்காரிதம், அல்-குவாரிஸ்மி என்ற அவர் பெயரிலிருந்தே வந்தது.

மூலத்தால் வந்த வினை

'ஃபைண்ட் த ரூட்ஸ்' என்று எக்ஸ்² − 5எக்ஸ் + 6 = 0 சமன்பாட்டைக் கொடுத்தார்கள். ரூட் என்றால் எனக்குத் தெரிந்தது ஸ்கொயர் ரூட், வர்க்கமூலம். எக்ஸ்²-க்கு ரூட் போட்டு எக்ஸ், 6க்கு ரூட் போட்டு 2.449, 5எக்ஸை என்ன செய்வதென்று தெரியாமல் அதற்கும் ஒரு ரூட்! திருத்தியவர் அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்திருந்தார். எதையும் எழுதவில்லை.

சமன்பாட்டின் மூலம் வேறு, எண்ணின் வர்க்கமூலம் வேறு. எக்ஸ்-க்கு எந்த மதிப்பைப் போட்டால் இடது பக்கம் பூச்சியமாகிறதோ அந்த மதிப்புதான் சமன்பாட்டின் மூலம். மேலே உள்ளதற்கு 2, 3. இரண்டுக்கும் ஏன் ஒரே பெயர் என்றால், பழைய காலத்தில் பல மொழிகளிலும் வேரைத்தான் நினைத்திருக்கிறார்கள். அரபியில் செடியின் வேரைக் குறிக்கும் சொல்லைப் போட்டார்கள், லத்தீனிலும் அப்படியே. நம் நாட்டில் கி.பி. 499ல் ஆரியபட்டர் நூலிலேயே வர்க்கமூலம் காணும் முறை இருக்கிறது. அந்த மூலத்துக்கும் வேர் என்றே பொருள். வகுப்பில் மூலம் என்றதும் பின் பெஞ்சில் வேறு ஒன்றை நினைத்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மூலங்கள் எப்படிப்பட்டவை என்று தீர்க்காமலேயே சொல்ல ஓர் உபாயம் உண்டு. பி² − 4ஏசி. ஆங்கிலத்தில் டிஸ்கிரிமினன்ட். அந்தப் பெயரைக் கேட்டால் ஏதோ நோய் மாதிரி இருக்கும். தமிழில் தன்மைகாட்டி. என்ன வேலை செய்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது, மூலங்களின் தன்மையைக் காட்டுகிறது! எக்ஸ்² − 5எக்ஸ் + 6க்கு 25 − 24 = 1, மிகை எண், ஆகவே இரண்டு வெவ்வேறு மெய் மூலங்கள். எக்ஸ்² − 4எக்ஸ் + 4க்கு பூச்சியம், இரண்டு மூலமும் 2தான். எக்ஸ்² + எக்ஸ் + 1க்கு −3, குறை எண், மெய் மூலமே கிடையாது, கலப்பெண் பக்கம் போக வேண்டும். நம் முதலாண்டில் வரும் காம்ப்ளக்ஸ் நம்பர் பாடம் அந்தக் கலப்பெண்தான். காம்ப்ளக்ஸ் என்றால் சிக்கல் என்று பயந்தவர்களில் நானும் ஒருவன். கலந்த எண், மெய்யும் கற்பனையும் கலந்தது, அவ்வளவே.

தமிழ்ச் சொல் இப்படி நமக்குக் கை கொடுக்கும் இடங்களை எண்ணி மாளாது. ஆங்கிலத்தில் டிகிரி என்று ஒரே சொல்தான். நமக்குக் கோணத்தில் பாகை, கோவையில் படி, பி.இ. முடித்தால் பட்டம். பவர் என்றால் கணக்கில் அடுக்கு, எலக்ட்ரிகலில் திறன். ஃப்ரீக்வென்சி என்றால் மின்சாரத்தில் அதிர்வெண், நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ். புள்ளியியலில் நிகழ்வெண், ஒரு மதிப்பு எத்தனை தடவை வந்தது என்ற எண்ணிக்கை. ரேஞ்ச் என்றால் சார்பு பாடத்தில் வீச்சகம், புள்ளியியலில் வீச்சு. ஆங்கில வழியில் படித்த நண்பன் ஒருவன் இந்த ரேஞ்ச் இரண்டையும் போட்டுக் குழப்பி என்னிடம் வந்து கேட்டான்! எனக்கு அன்று ஏற்பட்ட பெருமிதம் சொல்லி முடியாது. ஆனால் நியாயமாக இதையும் சொல்லிவிட வேண்டும்: இயற்பியலில் ஆம்ப்ளிட்யூடுக்கும் நாம் வீச்சு என்றே சொல்கிறோம். அங்கே நம் ஆள் சறுக்குகிறார்.

என் அறைத் தோழனுக்கு யாழ்ப்பாணத்தில் உறவினர் உண்டு. அங்கிருந்து வந்த பழைய கணிதப் புத்தகம் ஒன்றைக் காட்டினான். அல்ஜீப்ரா அங்கே அட்சரகணிதம். கெழு என்பதைக் குணகம் என்கிறார்கள். நிகழ்வெண் அங்கே மீடிறன், திட்டவிலக்கம் நியம விலகல், இடைநிலை இடையம். நாம் அணி என்று சொல்லும் மேட்ரிக்ஸ் அவர்களுக்குத் தாயம்! நாங்கள் இருவரும் தாயக்கட்டையை நினைத்துச் சிரித்தோம். அவனுடைய சித்தப்பாவிடம் போனில் சொன்னபோது, "நீங்கள் மட்டும் அணி எண்டால் கிரிக்கெட் அணி எல்லோ?" என்று கேட்டாராம். பதில் இல்லை. கடல் தாண்டி ஒரே மொழிக்கு இரண்டு கலைச்சொல் வரிசை இருக்கிறது, இரண்டிலும் கணக்கு வருகிறது.

மீன் விற்கிற பாடம்

புள்ளியியலுக்கு வருவோம். முதல் நாள் கரும்பலகையில் மீன், மீடியன், மோட் என்று சொல்லச் சொல்ல வகுப்பே சிரித்தது. மீன் என்றால் நமக்குத் தெரிந்தது வஞ்சிரம், நெத்திலி. இங்கே அது கூட்டுச்சராசரி. எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது. மீடியன் என்பது இடைநிலை அளவு, வரிசைப்படுத்தி நட்டநடுவில் நிற்பதை எடுப்பது. வரிசைப்படுத்த மறந்தால் விடை வராது. மோட் என்பது முகடு. கூரையின் உச்சிக்கு முகடு என்கிறோம் அல்லவா? நிகழ்வெண் படம் வரைந்தால் எது உச்சியில் நிற்கிறதோ அது, அதாவது அதிகத் தடவை வரும் மதிப்பு.

மூன்றும் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, கேம்பஸ் இன்டர்வியூ வரப்போகிற நமக்கே ஒரு கணக்கு. பத்துப் பேர் உள்ள ஒரு யூனிட்டில் 'ஆவரேஜ் சம்பளம் 22,000 ரூபாய்' என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேருக்கு 12,000, மேனேஜருக்கு 1,12,000. கூட்டினால் 2,20,000. பத்தால் வகுத்தால் 22,000. அவர் பொய் சொல்லவில்லை! ஆனால் இடைநிலை 12,000, முகடும் 12,000. புதிதாகச் சேரும் டிப்ளமாக்காரனுக்குக் கிடைக்கப்போவது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த தடவை ஆவரேஜ் என்று யாராவது சொன்னால், "மீடியன் எவ்வளவு சார்?" என்று கேளுங்கள். வேலை கிடைக்குமோ கிடைக்காதோ, மரியாதை கிடைக்கும்.

இனி திட்டவிலக்கம். இதற்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு சொல்தான் எனக்குப் பாடத்தையும் பட்டறையையும் இணைத்துக் காட்டியது.

லேத்தில் 25 மி.மீ. பின் ஐந்து கடைய வேண்டும், 0.2 மி.மீ. கூடலாம், குறையலாம் என்று டிராயிங்கில் இருக்கிறது. ஒருவன் கடைந்ததை மைக்ரோமீட்டரில் அளந்தால் 24.9, 25.0, 25.1, 25.0, 25.0. அடுத்தவன் கடைந்தது 24.6, 25.4, 25.0, 24.7, 25.3. இரண்டு பேருக்கும் சராசரி 25.0. இடைநிலையும் 25.0. சராசரியை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்று. ஆனால் முதலாமவனுடைய ஐந்தும் பாஸ், இரண்டாமவனுடைய ஐந்தில் நான்கு ஸ்கிராப்! இந்த வித்தியாசத்தை ஓர் எண்ணாகச் சொல்வதற்குத்தான் சிதறல் அளவைகள். சுலபமானது வீச்சு: பெரியதில் சிறியதைக் கழி. 0.2, 0.8. ஆனால் வீச்சு இரண்டு ஓரத்தை மட்டும் பார்க்கிறது, நடுவில் இருப்பவர்களைக் கண்டுகொள்வதில்லை.

அடுத்தது வேரியன்ஸ். இந்தச் சொல்லைக் கேட்டால் எதுவும் புரியாது. தமிழில் பாருங்கள்: விலக்க வர்க்கச் சராசரி. பெயரே சூத்திரம்! சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகியது என்று எடு, வர்க்கப்படுத்து, அவற்றுக்குச் சராசரி போடு. முதலாமவனுக்கு விலக்கம் −0.1, 0, 0.1, 0, 0. வர்க்கங்களின் கூடுதல் 0.02, ஐந்தால் வகுத்தால் 0.004. இரண்டாமவனுக்கு வர்க்கக் கூடுதல் 0.50, வகுத்தால் 0.10. வர்க்கம் ஏன் என்றால், விலக்கங்களை அப்படியே கூட்டினால் கூட்டலும் கழித்தலும் அடித்துக்கொண்டு எப்போதும் பூச்சியம்தான் வரும். வர்க்கப்படுத்தியதால் மி.மீ. இப்போது சதுர மி.மீ. ஆகிவிட்டது. அதைப் பழையபடி மி.மீ.க்குக் கொண்டுவர வர்க்கமூலம் எடுத்தால் அதுதான் திட்டவிலக்கம், ஸ்டாண்டர்ட் டீவியேஷன். 0.063, 0.316. இரண்டாமவன் கை முதலாமவன் கையைப் போல ஐந்து மடங்கு ஆடுகிறது. ஆங்கிலப் பெயரைக் கார்ல் பியர்சன் 1890களில் வைத்தார்.

எலக்ட்ரிகல் நண்பர்கள் ஆர்.எம்.எஸ். வோல்டேஜ் என்கிறார்களே, ரூட் மீன் ஸ்கொயர், அதை வலமிருந்து இடமாகப் படித்துப் பாருங்கள். வர்க்கப்படுத்து, சராசரி எடு, மூலம் எடு. அதே வேலை! இதைக் கண்டுபிடித்த அன்று இரவு அறைத் தோழனை எழுப்பிச் சொன்னேன். அவன் திட்டினான்.

கால்குலேட்டரில் ஒரு பொறி இருக்கிறது. பழைய கேஸியோ மாடல்களில் சிக்மா என், சிக்மா என் மைனஸ் ஒன் என்று இரண்டு விடை வரும். எல்லாத் தரவும் நம்மிடமே இருந்தால் என்-ஆல் வகுப்பது. பெரிய தொகுதியிலிருந்து கொஞ்சம் மாதிரி எடுத்து அதை வைத்து முழுதையும் ஊகித்தால் என் மைனஸ் ஒன்றால் வகுப்பது. மேலே உள்ள இரண்டாமவனுக்கு என் மைனஸ் ஒன் போட்டால் 0.354 வரும். தப்பான பட்டனை அழுத்திவிட்டு விடை வரவில்லை என்று புலம்பியவர்கள் நம் வகுப்பில் மட்டும் நான்கு பேர்.

சிவில் நண்பர்களுக்கு இது வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. எம்20 கான்கிரீட் என்றால் 150 மி.மீ. கியூபை 28 நாள் கழித்து நசுக்கினால் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். ஆனால் 20ஐக் குறிவைத்துக் கலவை போட்டால் பாதிக் கியூப் தோற்றுப்போகும், ஏனென்றால் 20 சராசரியாகிவிடும். ஆகவே இந்தியத் தர நிர்ணயம் 10262, திட்டவிலக்கத்தை 1.65ஆல் பெருக்கிக் கூட்டிக் குறிவைக்கச் சொல்கிறது. எம்20க்குத் திட்டவிலக்கம் 4 என்று எடுத்தால் 20 + 6.6 = 26.6. அப்படிச் செய்தால் 20க்குக் கீழே விழுவது நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகாது. சைட்டில் அளவும் தண்ணீரும் ஒழுங்காகப் பார்த்தால் திட்டவிலக்கம் குறையும், சிமென்ட்டும் மிச்சமாகும். கவனக்குறைவுக்குக் கொடுக்கும் விலை அந்த 6.6க்குள் இருக்கிறது. இதை எனக்கு விளக்கியவரும் அந்தச் சிவில் அக்காதான்.

சின்னச் சொற்கள், பெரிய நஷ்டம்

கலைச்சொல்லை விட மோசமானவை சாதாரண ஆங்கிலச் சொற்கள். 'அட் லீஸ்ட் த்ரீ' என்றால் மூன்றுக்குக் குறையாமல். லீஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் சிறியது என்று நினைத்து, மூன்றுக்குக் கீழே உள்ளதை எழுதிவிடுவோம். 'அட் மோஸ்ட்' அதற்கு நேர்மாறு, மூன்றுக்கு மிகாமல். நிகழ்தகவுக் கணக்கு முழுவதும் இந்த இரண்டில் தொங்குகிறது. ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டினால் குறைந்தது ஒரு தலையாவது விழ நிகழ்தகவு என்ன? தலையே விழாததைக் கண்டுபிடித்து, எட்டில் ஒன்று, ஒன்றிலிருந்து கழித்தால் எட்டில் ஏழு.

'ஹென்ஸ்' என்று கேள்வியின் இரண்டாம் பகுதி தொடங்கினால், முதல் பகுதி விடையைக் கொண்டுதான் செய்ய வேண்டும் என்று அர்த்தம். வேறு வழியில் சரியாகச் செய்தாலும் மார்க் குறைக்கலாம். 'வெரிஃபை' என்றால் எண்ணைப் போட்டுச் சரிபார்ப்பது, 'ப்ரூவ்' என்றால் பொதுவாக நிறுவுவது. 'ரெஸ்பெக்டிவ்லி' என்ற சொல்லுக்கு 'முறையே' என்று பள்ளிப் புத்தகத்திலேயே இருந்தது. ஏ, பி, சி-யின் மதிப்பு முறையே 1, −5, 6 என்றால் வரிசை மாறக் கூடாது. நான் அதை ரெஸ்பெக்ட் சம்பந்தப்பட்டது, மரியாதையாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

என்னோடு 6 மார்க் வாங்கிய நண்பனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. அவன் இரண்டாவது செமஸ்டரோடு நின்றுவிட்டான். நான் நோட்டு போட ஆரம்பித்தபோது அவன் பாதி நாள் வகுப்புக்கே வரவில்லை. நானும் என் அரியர் கவலையில் அவனைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங்கில் இருக்கிறான்.

போன பொங்கலுக்கு ஊரில் பார்த்தேன். வேலை என்னடா என்றேன். ரோலில் ஐந்து இடத்தில் வட்டக் கட்டரால் துணி வெட்டுவானாம். வெட்டிய துண்டு 100 சதுர செ.மீ. எடை போட்டு நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது வந்துவிடும். ஐந்துக்கும் சராசரி எடுத்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். "சராசரி 180 சரியா வருதுடா, ஆனா சில ரோல்ல ஒரு இடத்துல 170, ஒரு இடத்துல 190னு அடிக்குது. சராசரிய மட்டும் பார்த்து பாஸ் போட்டா தையல்ல மாட்டுது. அதனால நான் பெருசுக்கும் சிறுசுக்கும் உள்ள வித்தியாசத்தையும் ஓரமா பென்சில்ல எழுதி வைப்பேன்" என்றான்.

"அதுக்குப் பேரு வீச்சுடா" என்றேன்.

"ஆமால்ல, பத்தாவதுல படிச்சோம்ல" என்றவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்த ரேஞ்ச் ரேஞ்ச்னு போர்டுல எழுதினாங்களே, அது இதுதானா?" என்று கேட்டான்.

என் நோட்டைப் போனில் படம் எடுத்து அனுப்பினேன். எழுத்து மங்கலாக இருக்கிறது என்றான். முழுவதையும் செராக்ஸ் எடுத்துக் கொரியரில் அனுப்பிவிட்டேன். அக்டோபர் தேர்வுக்கு முதலாண்டுக் கணக்கு இரண்டு பேப்பருக்கும் பணம் கட்டியிருக்கிறான்.

அசல் நோட்டு சங்க அறையில், கேரம் போர்டுக்குப் பின்னால் உள்ள அலமாரியில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். பக்கத்தைக் கிழிக்காதீர்கள். கடைசிப் பதினெட்டுப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். இன்டக்ரேஷன் பாடத்துச் சொற்களை நான் இன்னும் எழுதவில்லை, தெரிந்தவர்கள் எழுதுங்கள்.